ஜோடியுடன் நேரில் வரவும்

1

மலேசிய அரசாங்கம் என்னையும் தாசையும் கண்டுபிடித்துவிட்டது என்று நான்கு நாள் உறுதியாக நம்பினேன். சிரம்பானில் ஏதோ ஓர் அறையில் எங்கள் இருவருக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. பதினெட்டு வருடமாக யாரோ ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் பகாவ் சந்தையில் மீன் வாங்குவதையும் ஞாயிற்றுக்கிழமை போர்வை துவைப்பதையும் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். இப்போது பொறுமை தீர்ந்து, மரியாதையாகக் கடிதம் போட்டு இருவரையும் ஒன்றாக வரச் சொல்கிறார்கள். இப்படியெல்லாம் நம்பியவனுக்கு வயது நாற்பத்தாறு. தோட்டத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் தேடி வருவது இவனைத்தான்.

நான் தோட்டக் கிராணி. ஊரில் குமாஸ்தா என்பீர்களே, அதுதான். இருபது வயதில் சிரம்பானில் மாமாவின் துணிக்கடைக்கு வந்தேன். துணி கிழிக்கத் தெரியவில்லை என்று மாமா கண்டுபிடித்ததும், பகாவ் பக்கம் இந்தத் தோட்டத்து அலுவலகத்தில் கொண்டுவந்து தள்ளினார். அன்றிலிருந்து இங்கேதான். அப்போது ரப்பர் பால்மரம், இப்போது பாதிக்குமேல் எண்ணெய்ச் செம்பனை. நான் மட்டும் மறுநடவு செய்யப்படாமல் நிற்கிறேன்.

தாஸ் என்பது மரியதாஸ். இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், லாரி ஓட்டுநர். சுற்றி வளைத்து எழுதினால் பக்கம்தான் வீணாகும், நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெண்கள்மேல் மனம் போனதில்லை. ஆண்கள்மேல் போனது. அதிலும் ஒருவர்மேல் போய், திரும்பி வரும் வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிட்டது. கிராணிக்குத் தோட்டம் கொடுத்த வீட்டில் நாங்கள் இருவரும் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறோம். கேட்பவர்களுக்கு, தாஸ் என் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருப்பவர். இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

இனி கடிதம். இங்கே நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகன் அல்ல என்பவர்களுக்குச் சிவப்பு அடையாள அட்டை. குடிமக்களுக்கு நீலம். நான் சிவப்பு. தோட்டத்தை வாங்கிய புதிய நிர்வாகம், அலுவலகத்தில் இனி நீல அட்டைக்காரர்கள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் தாஸ் தன் தம்பியின் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு, நான் ஊரில் கப்பல்காரத் தெருவில் அக்காள் மகனின் மாடிக்கு. நடுவில் ஒரு கடல். அதனால்தான் நீல அட்டைக்கு மனுப் போட்டேன். அதற்குப் பதிலாக வந்தது அச்சடித்த மலாய்க் கடிதம். கடைசி வரியில், தேதிக்குப் பக்கத்தில், ‘பெர்சாமா பாசாங்கான் துவான்’ என்று இருந்தது.

பெர்சாமா என்றால் ‘உடன்’. துவான் என்றால் ‘ஐயா’. இடையில் இருப்பது என்ன? என் மலாய் சந்தை மலாய். மீன், கத்திரிக்காய், விலையைக் குறை, இதைத் தாண்டி நான் போனதில்லை. நான் சேர்ந்த காலத்தில் அலுவலகக் கடிதமெல்லாம் ஆங்கிலம். அது மலாய்க்கு மாறியபோது நான் நாளைக்குக் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தவன். அந்த நாளை இன்னும் வரவில்லை. ஆகவே தமிழ்க் காதை வைத்துக்கொண்டு படித்தேன். பாசாங்கான். பாசாங்கு செய்கிறவன். ‘உங்கள் பாசாங்குக்காரனுடன் வரவும், ஐயா.’

கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

2

காகிதத்தைக் கண்டு ஓடுவது எனக்குப் பழைய வழக்கம். ஊரில் எனக்குப் பத்தொன்பது வயதானபோது அம்மா பெண் பார்க்கத் தொடங்கினாள். நான் எங்கள் ஊர் ஜோசியரைச் சைக்கிள் பின்னால் ஏற்றிக்கொண்டு, தொடர்ந்து மூன்று வாரம் பகல் காட்சிக்குக் கூட்டிப் போனேன். மனிதருக்குச் சண்டைக் காட்சி என்றால் உயிர். மூன்றாவது வாரம், இடைவேளையில் முறுக்கைக் கடித்துக்கொண்டே, என் ஜாதகத்தில் ஒரு தோஷத்தைக் கண்டுபிடித்தார். இந்தப் பையனுக்குப் பெண் கொடுத்தால் மாமனாருக்கு ஆகாது.

எந்தத் தகப்பன் அதற்குமேல் படிப்பான்? வரிசையாக ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அம்மா அழுதாள். அது மட்டும்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தண்ணீரைத் தாண்டினால் தோஷம் கழியும் என்று மாமா யோசனை சொல்லித்தான் என்னைக் கப்பலேற்றினார். அக்காள் இப்போதும் கடிதத்தின் கடைசியில் ‘தோஷம் கழிந்திருக்கும், யோசி’ என்று எழுதுகிறாள். அவள் பிள்ளைகள் முன்பெல்லாம் தனித்தனியாக ஒரு பக்கம் எழுதுவார்கள். பிறகு அக்காள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி. இப்போது கையெழுத்து மட்டும், அதுவும் ஆங்கிலத்தில். நான் பதிலுக்கு மழையைப் பற்றி எழுதுகிறேன். இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மழைக்குப் பஞ்சமில்லை.

3

அலுவலகம் பெருக்க வரும் பாக்கியத்துக்கு மலாய் நன்றாக வரும். பால் வெட்டியவள், கணவனை இழந்தவள், தோட்டத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அறிந்தவள். கடிதத்தை மேசை இழுப்பறையில் ஒளித்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டேன்.

“பாக்கியம், பாசாங்கான்னா என்ன?”

“ஜோடி லா ஐயா.” இங்கே பேச்சுக்கு ‘லா’ ஒரு வால். விளக்குமாற்றை நிறுத்தவே இல்லை. “செருப்பு வாங்குனா ரெண்டு வருமில்ல, அதான் பாசாங். புருசன் பொண்டாட்டின்னா பாசாங்கான். ஏன், எதுல எழுதியிருக்கு?”

“சும்மா. பேப்பர்ல.”

“சிரம்பான்லேர்ந்து வந்த சூராட்டா? அஞ்சல்காரன் சொன்னான்.” அவளுக்குச் சூராட் என்றால் கடிதம். “ஜோடியோட வரச் சொல்லியிருக்கானா?”

நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“அப்படின்னா தாசண்ணனுக்கும் அன்னிக்கு லீவு போட்டுருங்க,” என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தாள். “காலத் தூக்குங்க ஐயா.”

தூக்கினேன். அதைத் தரையில் வைக்க வெகுநேரம் ஆனது. பதினெட்டு வருடமாக நான் ஊருக்கு முன்னால் கட்டிக் காத்த ரகசியம் அவளுக்குப் பெருக்கித் தள்ளும் தூசியளவுகூட இல்லை. ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், மகா எரிச்சல். தெரியும் என்று முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு சிரமம் மிச்சமாகியிருக்கும்!

வெட்கத்தைவிட எனக்குத் திட்டம் வேகமாக வரும். “பாக்கியம், ஒரு நாள் மட்டும் என் மனைவின்னு சொல்லி சிரம்பானுக்கு வர முடியுமா?”

அவள் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். “ஒங்களுக்கா? சோறாக்கிப் போட, துணி தொவைக்க வூட்டுல ஒரு மனுசன் இருக்கையில நான் எதுக்கு? அந்த ஆளு மனசு என்னா பாடுபடும்? வயசாவுது, புத்தி வர வேணாம்?”

இந்த நாட்டில் என்னைத் திட்டியவர்களிலேயே அவள்தான் சரியான விஷயத்துக்குத் திட்டியவள்.

4

ஆக, பாசாங்குக்காரன் போய் ஜோடி வந்தது. நிலைமை முன்னைவிட மோசம். திட்டுவதற்காக எழுதியிருந்தால் ஊகம் என்று விடலாம். ஜோடி என்று எழுதியிருக்கிறார்கள் என்றால் கையில் ஆதாரம் இருக்கிறது.

அந்த நாட்களில் பத்திரிகையைப் பிரித்தால் புதிய நோயைப் பற்றிய எச்சரிக்கை. கூடவே எங்களைப் போன்றவர்களைப் பற்றி, நாங்கள் அறையில் இல்லை என்று நினைத்துக்கொண்டு எழுதிய வாசகர் கடிதங்கள். சட்டத்தில் எங்களுக்கென்று ஒரு பிரிவு இருப்பதும் நான் படித்து வைத்ததுதான். படித்தவனுக்குப் பயம் அதிகம். மற்ற பக்கங்களில் நாடு விரைவாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நீலாய்ப் பக்கம் காடு அழித்து வீடு, தொழிற்சாலை, அதற்கு அப்பால் பெரிய விமான நிலையம் வருமென்று பேச்சு. நான் என் வீட்டுக்குள் ஒரு தலையணையை எங்கே ஒளிப்பது என்று போய்க்கொண்டிருந்தேன்.

சோதனைக்கு வருவார்கள் என்று முடிவு கட்டி, தாசின் சட்டைகளை எல்லாம் முன்னறைக்கு மாற்றினேன். பல் துலக்கும் தூரிகைகளைப் பிரித்தேன். சுவரிலிருந்த, போர்ட்டிக்சன் கடற்கரையில் எடுத்த புகைப்படத்தை இறக்கி அரிசி டின்னுக்குள் வைத்தேன். தாஸ் லாரியை நிறுத்திவிட்டு வந்து, மாற்றுச் சட்டையைத் தேடிப் பார்த்துவிட்டு, சமையலறையில் என்னைப் பிடித்தார்.

“என் சட்ட எங்கய்யா?”

“முன்னறையில. இனிமே நீ வாடகைக்கு இருக்கிறவன்.”

“பதினெட்டு வருசமா வாடகையே குடுக்கலியே. அதக் கேட்டா?”

“அதுக்கும் ஒரு புத்தகம் போட்டு வச்சிருக்கேன்.”

தாஸ் அரிசி அளக்க டின்னைத் திறந்தார். உள்ளே இருவரும் நனைந்த கால்சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தோம். படத்தை எடுத்து அரிசியைத் தட்டினார்.

“கிராணி, நீ என்ன வேணா எழுது. ஒன் புத்தி அப்படி. ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டா ஒள்ளதச் சொல்லுவேன். கேக்கலன்னா சும்மா இருப்பேன்.”

“அப்ப நீ வராதே.”

“ஜோடியோட வரச் சொல்லியிருக்கான் லா. வராம எப்படி?” என்று அடுப்பைப் பற்ற வைத்தார். இந்த மனிதர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று பதினெட்டு வருடத்தில் ஒரு தடவையாவது எனக்குப் பிடிபட்டிருந்தால் நான் இவ்வளவு இளைத்திருக்க மாட்டேன்.

5

பகாவிலிருந்து கோலப்பிலா வழியாகச் சிரம்பான் போகும் பஸ், புக்கிட் புத்துஸ் மலையில் ஏறும்போது நாற்பது தடவை வளையும். வழக்கமாக நாங்கள் பஸ்ஸில் தனித்தனியாகத்தான் உட்காருவோம். அது என் ஏற்பாடு. அன்று தாஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அந்தப் பக்கம் காலியா இருக்கு,” என்றேன்.

“பாத்தேன்.”

நான் ஒவ்வொரு வளைவிலும் ஒத்திகை பார்த்தேன். மனைவி ஊரில் இருக்கிறாள். இல்லை, ஊர் என்றால் கூப்பிடு என்பான். மனைவி இறந்துவிட்டாள். அப்படியானால் இறப்புப் பத்திரம் எங்கே? மனைவி ஓடிவிட்டாள்! இது நம்பும்படியாக இருந்தது. யாரோடு என்று கேட்டால்? ஒரு தையல்காரரைக்கூடத் தயார் செய்துவிட்டேன். மலை உச்சியில் எனக்கு வாந்தி வந்தது. தாஸ் தன் கைத்துணியையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் நீட்டினார். பையை முன்பே கொண்டுவந்திருந்தார்.

6

அலுவலகத்தில் என் எண்ணைக் கூப்பிட்டது ஒரு மலாய்க்கார அம்மாள். என் வயதுதான் இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, மேசையில் பாதி கடித்த கறிபாப் பலகாரம். இனி வருவதெல்லாம் மலாயில் நடந்தது. பாதியைத் தாஸ்தான் எனக்கு விளக்கினார்.

“ஜோடி எங்கே?”

நான் வாயைத் திறந்தேன். தையல்காரர் வரவில்லை. மனைவியும் வரவில்லை. காற்றுதான் வந்தது.

“மனைவி, மனைவி,” என்றார் அந்த அம்மாள், காது கேளாதவனிடம் சொல்வதுபோல. “கல்யாணம் ஆனவர்களுக்கு இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டிய படிவம் ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் இதே கடிதம்தான் போகும்.”

எல்லாருக்கும்! எங்களுக்கென்று தனிக் கோப்பும் இல்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்தவரும் இல்லை. கல்யாணமானவர்களுக்குப் போகும் அச்சடித்த கடிதம்.

“எனக்குக் கல்யாணமே ஆகவில்லையே!”

“உங்கள் பழைய மனுவில் ஆனதாக இருக்கிறதே.” கோப்பைப் புரட்டினார். பழுப்பேறிய தாளில் விரல் வைத்து வாசித்தார். “கல்யாணம் ஆனவர். துணை ஒன்று. துணையின் தொழில், லாரி ஓட்டுநர்.” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், மரியாதையோடு. “தைரியமான பெண்.”

பின்னால் தாஸ் இருமினார். அது இருமல் இல்லை.

எனக்கு எல்லாம் நினைவு வந்தது. சிவப்பு அட்டைக்காகப் பதினெட்டு வருடத்துக்கு முன் நான் போன நாள். தாசும் நானும் பழகத் தொடங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. என் மலாய் அப்போது இதைவிடக் கேவலம். மலாயில் ‘கவான்’ என்றால் நண்பன். ‘கஹ்வின்’ என்றால் கல்யாணம். எழுதுகிறவர் குனிந்தபடியே “கஹ்வின்?” என்று கேட்டார். என் காதில் விழுந்தது கவான். இந்த நாட்டில் உனக்கு நண்பன் யாராவது உண்டா என்று அக்கறையாகக் கேட்கிறாரே என்று மனம் நிறைந்துவிட்டது.

“அடா! சத்து!” என்றேன். உண்டு, ஒருவர்.

என்ன வேலை என்று கேட்டார். லாரி ஓட்டுவது என்றேன். எங்கே என்றார். இதோ வெளியில் காத்திருக்கிறார் என்றேன். ரொம்ப நல்லவர், நன்றாகச் சமைப்பார் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். மலாயில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். அவர் குனிந்த தலை நிமிரவில்லை, பெயரும் கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. காதும் என்னுடையது, வாயும் என்னுடையது.

நான் ஒளிந்து வாழ்ந்த பதினெட்டு வருடமும் அரசாங்கத்தின் ஏட்டில் நான் மரியதாசைக் கல்யாணம் செய்துகொண்டவன்.

“தப்பு நடந்துவிட்டது,” என்றேன்.

“அப்படியானால் திருத்த வேண்டும். உங்களை நீண்ட நாள் அறிந்தவர் ஒருவர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும், உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று. எதிர்ச் சாரியில் செருப்புக் கடை மாடியில் சத்தியப் பிரமாணம் வாங்கும் ஆணையர் இருக்கிறார். நான்கு மணிக்குள் கொண்டு வந்தால் மனு இன்றே போகும். தவறினால் முதலிலிருந்து.” தாசை எட்டிப் பார்த்தார். “இவர் யார்?”

“என்னை நீண்ட நாள் அறிந்தவர்,” என்றேன்.

7

செருப்புக் கடை மாடிப்படியில் பாதி ஏறியதும் தாஸ் நின்றுவிட்டார்.

“நான் பண்ண மாட்டேன்யா.”

“என்னது?”

“சத்தியம். ஒனக்குக் கல்யாணம் ஆகலன்னு நான் எப்படி சத்தியம் பண்றது?”

மணி மூன்றேகால். கீழே செருப்புக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். “தாசு, எந்தக் கோயில்ல, எந்த மாதா கோயில்ல ஆச்சு? எப்ப ஆச்சு?”

“அது ஒனக்குத் தெரியாதா?”

“காகிதத்துலன்னு கேக்கிறான்யா!”

“நான் காகிதத்துல கைய வச்சா சத்தியம் பண்ணப் போறேன்?” சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீ பஸ்ல பக்கத்துல ஒக்காராதன்ன, சரின்னேன். தண்ணிக்கடையில பேசாதன்ன, பேசல. படத்த அரிசில வச்ச. இது முடியாது.”

என்னிடம் எப்போதும் ஒரு திட்டம் இருக்கும். அந்தப் படியில் ஒன்றும் இல்லை. அவரை ஏமாற்ற ஒரு ஜோசியரும் கிடைக்கமாட்டார். தாஸ் சத்தியம் செய்யாவிட்டால் நீல அட்டை இல்லை, வேலை இல்லை, வீடு இல்லை. செய்யச் சொன்னால், இந்த மனிதரிடம் இதுவரை நான் கேட்டதிலேயே கேடுகெட்டதைக் கேட்கிறேன்.

“வேண்டாம். திரும்பிப் போகலாம்,” என்றேன். என் வாயிலிருந்து அப்படி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

தாஸ் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேலே ஏறிப் போனார்.

ஆணையர் வயதான சீனர். பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு, தானே இரண்டு விரலால் தட்டச்சு செய்தார். அடித்ததை மலாயில் வாசித்துக் காட்டினார். மேற்படி ஆளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தனியாக வசிக்கிறார்.

“அது பொய்,” என்றார் தாஸ்.

எனக்கு இதயம் செருப்புக் கடைக்கு இறங்கியது.

“எது?”

“ரெண்டும். எனக்குத் தெரிஞ்சத எழுதுங்க. இவருக்குப் பொண்டாட்டி கெடையாது. அது உண்மை. தனியா இல்ல, என்கூட இருக்காரு. பதினெட்டு வருசம். அதுவும் உண்மை. அதுக்கு மட்டும் சத்தியம் பண்றேன்.”

கிழவர் கையைத் தூக்கியபடி யோசித்தார். நான் சட்டப் பிரிவை எண் எண்ணாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மனைவி இல்லை என்றால் கல்யாணம் ஆகவில்லை என்றுதானே அர்த்தம். அவர்களுக்கு அது போதும்,” என்றார். “பதினெட்டா, பத்தொன்பதா?”

“பதினெட்டு. வர்ற மாசம் பத்தொம்பது.”

புதுத் தாள் செருகி அடித்தார். தாஸ் வலது கையை உயர்த்தி வாசித்துக் கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன். கிழவர் முத்திரை குத்தி, மை காய ஊதினார். மூன்று ஐம்பதுக்கு அலுவலகத்தில் கொடுத்தோம். அந்த அம்மாள் முழுவதையும் வாசித்தார். மரியதாஸ் ஆகிய நான் பதினெட்டு வருடமாக இவருடன் ஒரே வீட்டில் வசிக்கிறேன், இவருக்கு மனைவி இல்லை.

அதுவரை அந்தக் கோப்பில் எங்களைப் பற்றி உண்மையாக ஒரு வரியும் இருந்ததில்லை. அதை நாங்களே சத்தியம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் இரண்டு துளை போட்டுக் கோப்பில் செருகினார், அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அதிலிருந்து எட்டாம் மாதம் நீல அட்டை வந்தது.